பிஎஸ்ஏ சி15: 12 வோல்ட்டுக்கு மாற்றியபின் லைட் போட்டால் சார்ஜ் ஏறவில்லை

அப்பாவின் 1965 பிஎஸ்ஏ சி15 மோட்டார் சைக்கிள், திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் ஓடுகிறது. போன வருடக் கடைசியில் 6 வோல்ட்டிலிருந்து 12க்கு மாற்றினோம். பகலில் ஒரு குறையும் இல்லை. இரவில் லைட்டோடு நிலாவெளி போய்த் திரும்பினால் பற்றரி இறங்கி, ஹோர்ன் கம்மிவிடுகிறது.

லைட் இல்லாமல் நல்ல ரேஸில் பற்றரி முனையில் 13.8 வோல்ட். 35 வாட் ஹெட்லைட்டைப் போட்டதும் 12.1, எவ்வளவு முறுக்கினாலும் 12.3ஐத் தாண்டாது.

ரெகுலேட்டர் ரெக்டிஃபயர் (ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தைப் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்துவது) புதிது. வேறு பற்றரியிலும் இதே கதைதான். லூகாஸ் ஆல்டர்னேட்டரின் (மின்சாரம் உண்டாக்கும் பாகம்) பச்சை-கறுப்பு, பச்சை-மஞ்சள் வயர்களைச் சேர்த்து ஒரு முனையிலும், பச்சை-வெள்ளையை மற்ற முனையிலும் கொடுத்திருக்கிறோம், ஆறு கொயிலும் வேலை செய்யத்தான். இங்கத்தைய உப்புக்காற்றுக்கு எர்த் இடங்கள் பூத்துப்போயிருந்தன. எல்லாம் சுரண்டி முறுக்கியாயிற்று. ரோட்டருக்கும் (சுழலும் காந்தம்) ஸ்டேட்டருக்கும் (அதைச் சுற்றியுள்ள கொயில்கள்) இடையில் 8 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு) கேஜ் சுற்றிவர நுழைகிறது. ஸ்டேட்டர் கொயில் வண்டியின் இரும்புப் பொடியோடு (body) சோர்ட் இல்லை.

எனக்குச் சந்தேகம் ரோட்டரில். ஸ்பேனரை வைத்தால் ஒட்டுகிறது, ஆனால் இரண்டு விரலால் இழுக்க வந்துவிடுகிறது. சிலர் குறைந்த மின்சாரம் எடுக்கும் எல்ஈடி லைட் போடச் சொல்கிறார்கள். அது பழுதை மறைக்குமே தவிரத் தீர்க்காது. இந்த வண்டி ஒழுங்காக ஓடவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து சாமான் எடுப்பிக்கமுதல், ரோட்டரின் காந்தம் போய்விட்டதா, ஸ்டேட்டர் கொயில்தான் பழுதா என்று கையில் மல்டிமீட்டர் மட்டும் வைத்துக்கொண்டு உறுதியாகப் பிரித்தறிவது எப்படி?