இரண்டரை வயது, வீட்டில் தமிழ், பேச்சு குறைவு: கவுன்சில் ஆட்களிடம் போக முன் என்ன செய்யவேணும்?

ஹரோ_சைல்ட்மைண்டர்:
வணக்கம். நான் லண்டனில சைல்ட்மைண்டர், என்ர வீட்டில வைச்சுப் பிள்ளைகளைப் பாக்கிறனான். என்னட்ட வாற ஒரு பிள்ளைக்கு 2 வயதும் 5 மாதமும். வீட்டில முழுக்கத் தமிழ்தான். இங்கிலீசில நாலைந்து சொல்லுத்தான் வருது. பேர் சொல்லிக் கூப்பிட்டா சிலநேரம்தான் திரும்பிப் பார்க்கிறான். ஏதாவது வேணுமெண்டா என்ர கையைப் பிடிச்சு இழுப்பான், விரலால சுட்டிக் காட்டுறதில்லை. "ரெண்டு பாஷையாலதான் குழம்புது, தமிழை விட்டிடுவமோ" எண்டு தாய் தகப்பன் கேக்கினம். கவுன்சிலில பதிஞ்சா பிறகு பள்ளிக்கூடத்தில பிரச்சினை வருமோ எண்ட பயமும் அவைக்கு இருக்கு. கவுன்சிலின்ர ஏர்லி இயர்ஸ் (சின்னப் பிள்ளைகளைக் கவனிக்கிற பிரிவு) ஆட்களைக் கூப்பிட முன் நான் எதைத் தயாராக்கி வைக்கவேணும்? காசு உதவி ஏதும் இருக்கோ?

பேச்சுப்பயிற்சி_ஈலிங்:
தமிழை விடச் சொல்லாதேங்கோ. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பிந்துவதில்லை. தமிழை விட்டால் அம்மம்மாவோடு கதைக்கும் வழியும் போய்விடும், பெற்றோர் தங்களுக்குச் சரளமில்லாத மொழியில் குறைவாகவே கதைப்பார்கள்.

சொற்களை இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ணுங்கோ. "பால்", "தா", "பைபை" எல்லாம் கணக்கில் வரும். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொல்லும், "அம்மா வா" போல இரண்டு சொல் சேர்ப்பதும் எதிர்பார்க்கலாம். ஆனால் இங்கே எனக்குப் பெரிதாகப் படுவது சொற்கணக்கு இல்லை. சுட்டிக் காட்டாததும் பேருக்குத் திரும்பாததும் எந்த மொழிக்கும் உரியவை அல்ல. அவற்றைத் தமிழின் தலையில் போட முடியாது.

முதலில் காது. ஜீபீ (குடும்ப வைத்தியர்) அல்லது ஹெல்த் விசிட்டர் (சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் தாதி) மூலம் கேட்டல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கோ. பிறந்தபோது செய்த சோதனையில் தேறியது போதாது. நடுக்காதில் நீர் கட்டுவது பிறகு வருவது, அதில் கேட்டல் கூடிக் குறையும். கூடவே, 2 முதல் 2½ வயதுக்குள் செய்யும் ஹெல்த் விசிட்டர் பரிசீலனை நடந்ததா என்று பாருங்கோ. அதற்குப் பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாளில் "பந்தை மேசைக்குக் கீழே வை" போன்றவற்றைத் தமிழிலேயே, கையால் காட்டாமல், சொல்லிப் பார்த்துத்தான் பதில் போடவேணும். இங்கிலீஷில் மட்டும் பார்த்தால் புள்ளி பொய்யாகக் குறையும். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். சொந்தக்காரர் மொழிபெயர்த்தால் பிள்ளைக்காகத் தாங்களே சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இருந்த சொற்கள் மறைந்துபோனால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

ஏர்லிஇயர்ஸ்_குரோய்டன்:
நீங்கள் கேட்கவேண்டிய ஆள் ஏரியா சென்கோ, அதாவது கூடுதல் உதவி தேவைப்படும் சின்னப் பிள்ளைகளுக்காக உங்களைப் போன்றவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சில் ஆள். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் பெயரைச் சொல்லக் கூடாது. சம்மதம் வரும்வரை பெயர் சொல்லாமல் பொதுவாக ஆலோசனை கேட்கலாம். பயப்படும் பெற்றோருக்கு அந்த முதல் பேச்சில் என்ன சொன்னார்கள் என்று காட்டினாலே பாதி தயக்கம் போகும்.

கையில் இருக்கவேண்டியவை: இரண்டு வயது முன்னேற்றக் குறிப்பு (2–3 வயதுக்குள் நீங்கள் எழுதியே ஆகவேண்டியது), தேதி போட்ட சில அவதானிப்புகள், பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்ற ஒரு பக்கத் திட்டம். விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் அவதானிப்பால்தான். "பேசுவதில்லை, உதவி தேவை" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. "பழம் கொடுக்கும் நேரம், 10 நிமிடம். ஐந்து முறை பெயர் சொன்னேன், ஒரு முறை பார்த்தான். வாழைப்பழத்துக்கு என் கையை இழுத்தான்" என்று எழுதுங்கள்.

திட்டத்தில் எழுதும் இலக்கும் அப்படித்தான்: "பழ நேரத்தில் இரண்டு பொருள் காட்டினால், ஐந்தில் மூன்று முறை வேண்டியதைத் தொட்டோ சுட்டியோ தேர்ந்தெடுப்பான்." ஆறு வாரம் செய்து பார்த்து, என்ன மாறியது என்று எழுதுங்கள். வீட்டில் வழங்கும் பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களைப் பெற்றோரிடம் வாங்கி நீங்களும் சொல்லுங்கள். வீட்டுமொழிக்கு இடம் தருவதை இங்கிலாந்தின் இ.ஒய்.எஃப்.எஸ். விதிகளே (ஐந்து வயது வரையான பராமரிப்புக்கும் கற்றலுக்கும் உரியவை) கேட்கின்றன.

ஏரியா சென்கோ வரட்டும் என்று காது, பேச்சுப் பரிந்துரைகளை நிறுத்தி வைக்காதீர்கள். காத்திருப்பு வரிசைகள் தனித்தனி.

சட்டவழி_ஈஸ்ட்ஹாம்:
காசு விஷயம். அரசு பணம் கட்டும் இலவசப் பராமரிப்பு மணிநேரத்தில் வரும் பிள்ளை என்றால் கவுன்சிலின் சென் இன்க்ளூஷன் ஃபண்டுக்கு (கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான நிதி) கேட்கலாம், சைல்ட்மைண்டருக்கும் உண்டு. யாருக்கு, எவ்வளவு என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தானே வகுக்கிறது. பிள்ளைக்கு டி.எல்.ஏ. (இயலாமையுள்ள பிள்ளைகளுக்கான அரசு உதவிப்பணம்) கிடைத்தால் டிசபிலிட்டி ஆக்செஸ் ஃபண்ட் தனி. 2025-26இல் அது வருடத்துக்கு 938 பவுண்டாக இருந்தது, பராமரிக்கும் இடத்துக்கே வரும். டி.எல்.ஏ.வுக்கு நோய்ப்பெயர் எழுதிய கடிதம் கட்டாயமில்லை, சிரமம் மூன்று மாதமாக இருந்து இன்னும் ஆறு மாதமாவது தொடரும் என்று தெரியவேண்டும்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள்: பெற்றோர் விசாவில் 'பொது நிதி கிடையாது' என்று இருந்தால் டி.எல்.ஏ.வுக்கு விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசனை எடுக்கவேண்டும், அது பொது நிதியில் சேரும். மூன்று வயது முடிந்த அடுத்த தவணையிலிருந்து எல்லாருக்கும் வரும் 15 மணி நேரம் அதில் சேராது.

ஹரோ_சைல்ட்மைண்டர்:
மெத்தப் பெரிய உதவி. இ.எச்.சி. பிளானைப் பற்றி (பிள்ளைக்கு என்ன உதவி குடுக்கவேணுமெண்டு கவுன்சில் எழுதித் தாற சட்டபூர்வத் திட்டம்) இப்பவே யோசிக்கவேணுமோ?

சட்டவழி_ஈஸ்ட்ஹாம்:
ஆறு வாரத் திட்டத்தில் அசைவே இல்லை என்றால் யோசியுங்கள். அதற்கான மதிப்பீட்டைப் பெற்றோரே கவுன்சிலிடம் நேராகக் கேட்கலாம். மதிப்பீடு செய்வதா இல்லையா என்று 6 வாரத்தில் கவுன்சில் முடிவு சொல்லவேண்டும், பிளான் கொடுப்பதானால் கேட்ட நாளிலிருந்து 20 வாரத்துக்குள். "இரண்டு சுற்றுத் திட்டம் முடியவில்லை" என்று மட்டும் சொல்லி மறுத்தால் அது சட்டத்தில் உள்ள நிபந்தனை அல்ல. மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு, அல்லது மீடியேஷன் (நடுநிலையாளர் மூலமான சமரசப் பேச்சு) சான்றிதழ் கிடைத்து ஒரு மாதத்துக்குள், எது பிந்தியதோ அது. கடிதம் எழுத ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்ற பெற்றோர் ஆலோசனைச் சேவை இலவசமாக உதவும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.