பூட்டின்: சீஸின் வயதும் சோஸின் சூடும்

மொன்றியலிலிருந்து

பூட்டின் என்பது கனடாவின் கியூபெக் மாகாணத்துச் சாப்பாடு: ஃப்ரைஸ், அதாவது நீளமாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு, மேலே சீஸ் கட்டிகள், அதன்மேல் இறைச்சிச் சாற்றில் செய்த சூடான பிரவுண் சோஸ். அது அப்படியொன்றும் பெரிசாக இல்லை என்று சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பார்சல் பூட்டின் சாப்பிட்டவர்கள். மூடிய பெட்டிக்குள் இருபது நிமிடம் கிடந்தால் ஃப்ரைஸ் ஊறிக் குழைந்துவிடும். சீஸ் முழுக்க உருகி ஒரே தகடாக ஒட்டிக்கொள்ளும். சோஸ் ஆறி மேலே ஏடு கட்டும். இது கடையிலேயே இருந்து, மேசையில் வைத்த கையோடு சாப்பிட வேண்டிய சாமான். முதல் பத்து நிமிடம்தான் அதன் உயிர்.

வந்தவுடன் சீஸைப் பாருங்கோ. துருவின மொசரெல்லா தெரிந்தால் விட்டுவிடலாம். இருக்கவேண்டியது செடார் சீஸ் செய்யும்போது, அச்சில் அழுத்துவதற்கு முந்தின கட்டத்தில் எடுக்கிற புதுக் கட்டிகள். கியூபெக்கில் ஃப்ரொமாஜ் ஆன் கிரேன் என்பார்கள், ஆங்கிலத்தில் சீஸ் கேர்ட்ஸ். சுண்டுவிரல் நுனி அளவிலிருந்து பெருவிரல் அளவு வரை, ஒழுங்கில்லாத வடிவத்தில் இருக்கும். ஓரம் மட்டும் இளகி, நடு இன்னும் உறுதியாக இருக்கவேண்டும். முள்ளுக்கரண்டியால் தூக்கினால் கொஞ்சம் இழை வரும், ஆனால் கட்டி உடையாது. கடித்தால் பல்லில் கிறீச்சென்று சத்தம் கேட்கும்.

மொன்றியலில் முதல்முறை சாப்பிடுகிறவர்களை றஷேல் வீதியில் உள்ள லா பான்கீஸுக்கு அனுப்பலாம். 1968இல் தொடங்கிய கடை, முப்பதுக்கு மேற்பட்ட வகை வைத்திருக்கிறார்கள். பட்டியலைப் பார்த்து மயங்காமல் முதலில் சாதாரண கிளாசிக்கை எடுங்கோ. அதில் கடையின் தரம் தெரிந்துவிடும். மேலே குவிக்கிற இறைச்சியும் வெங்காயமும் பழைய சீஸை நன்றாக மறைக்கும்.

அடுத்த தடவை கால்வோட் எடுக்கலாம். கோழியிறைச்சியும் பச்சைப் பட்டாணியும் போட்டது, பிரவுண் சோஸுக்கு நன்றாகப் பொருந்தும். இத்தாலியன் என்று இருப்பதில் பிரவுண் சோஸுக்குப் பதிலாக ஸ்பகெட்டிக்கு ஊற்றுகிற தக்காளி இறைச்சி சோஸ் வரும். அது புளிப்பானது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

விக்டோரியாவில் (Victoriaville) நகரப் பக்கமிருந்து

மொன்றியலில் நல்ல பூட்டின் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதன் ஊர் இந்தப் பக்கம்தான். மொன்றியலுக்கும் கியூபெக் நகருக்கும் நடுவில் இருக்கிற சென்டர்-டு-கியூபெக் பால்பண்ணைப் பிரதேசம். வார்விக்கில் ஃபெர்னான் லாஷான்ஸ் என்ற கடைக்காரர் 1957இல் ஃப்ரைஸும் சீஸ் கட்டியும் ஒரே பையில் கலந்து கொடுத்தார் என்பது ஒரு கட்சி. அதில் முதலில் சோஸ் கிடையாது. டிரம்மண்ட்வில்லில் இருக்கிற லெ றுவா ஜூசெப் என்ற கடை, மூன்றையும் சேர்த்து விற்றவர்கள் நாங்களே என்கிறது. இரண்டு ஊருக்கும் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. காலையில் செய்த சீஸ் பக்கத்திலேயே கிடைத்த இடத்தில்தான் இப்படியொரு சாப்பாடு பிறந்திருக்க முடியும் என்பதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று.

இனி சீஸ். அந்தக் கிறீச் சத்தம் வருவது பாலின் கேசின் புரதம் கல்சியத்தால் இறுக்கமாகப் பிணைந்த வலையாக இருப்பதால். கட்டி பல்லின்மேல் வழுக்காமல் உரசுகிறது. சீஸுக்குள் இருக்கிற பக்டீரியா தொடர்ந்து அமிலம் உண்டாக்கும். அமிலம் ஏற ஏற அந்தக் கல்சியம் கரைந்து பிணைப்புத் தளரும், சத்தம் போய்விடும். அதனால்தான் செய்த அன்றைக்கே சாப்பிடச் சொல்கிறோம். பிரிட்ஜில் வைத்த சீஸ் கெட்டுப்போகாது, ஆனால் ஒன்றிரண்டு நாளில் ஊமையாகிவிடும்.

இந்தப் பக்கத்துச் சீஸ் ஆலைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே, குளிரூட்டாமல், பையில் வைத்து விற்பார்கள். வெளியூர்க்காரர் அதைப் பார்த்துத் தயங்குவார்கள். செய்த 24 மணி நேரத்துக்குள் அப்படி விற்கக் கியூபெக்கில் அனுமதி உண்டு. வாங்கவேண்டியது அந்தப் பைதான், பிரிட்ஜில் இருப்பது இல்லை. பையின் உட்புறம் லேசாக ஈரம் இருந்தால் நல்ல அறிகுறி. அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் பழசு.

பிரிட்ஜ் சீஸ் மட்டும்தான் கிடைத்தது என்றால், ஒரு கைப்பிடியை மைக்ரோவேவில் 5 முதல் 10 வினாடி வையுங்கோ. சத்தம் ஓரளவு திரும்பும். 15 வினாடி தாண்டினால் நெய் பிரிந்து கட்டி ரப்பராகும்.

டொரோண்டோவிலிருந்து

வீட்டில் செய்கிறவர்கள் சீஸுக்கு அலைகிற அலைச்சலில் கிழங்கை மறந்துவிடுகிறார்கள். உறைந்த மெல்லிய ஃப்ரைஸ் பாக்கெட்டை வெட்டிப் பொரித்தால் சோஸ் பட்ட இரண்டாம் நிமிடம் துவண்டுவிடும். ஒரு சென்ரிமீற்றர் கனமாவது வேண்டும்.

மூன்று பேருக்கு ஒரு கிலோ ரஸட் வகை உருளைக்கிழங்கு. தோல் இருந்தாலும் பரவாயில்லை. வெட்டி, குளிர்ந்த தண்ணீரில் அரை மணியாவது ஊறவைத்து, தண்ணீர் கலங்காமல் வருமட்டும் அலசுங்கோ. மேற்பரப்பு மாச்சத்தும் சீனியும் போகவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கறுக்கும். கிழங்கைப் பிரிட்ஜில் வைத்திருந்தால் இன்னும் மோசம். குளிரில் மாச்சத்து சீனியாக மாறும். பிறகு துணியில் பரப்பி நன்றாகத் துடையுங்கோ. ஈரக்கிழங்கு எண்ணெயைப் பொங்க வைக்கும்.

முதல் பொரிப்பு 150 பாகை செல்சியஸில், 5 முதல் 6 நிமிடம். நிறம் மாறக்கூடாது, வளைத்தால் ஒடியவேண்டும். எடுத்துப் பரப்பி இருபது நிமிடமாவது ஆறவிடுங்கோ. இந்த ஆறுதலில்தான் மேற்பரப்பு உலர்ந்து, அடுத்த பொரிப்பில் ஓடு கட்டுகிறது. அவசரத்தில் இதைத் தாண்டுகிறவர்கள் எத்தனை தரம் பொரித்தாலும் மொறுமொறுப்பு வராது. இரண்டாம் பொரிப்பு 190 பாகையில், 2 முதல் 3 நிமிடம். கடையில் தருவதைவிட ஒரு சாயல் கூடுதலாகச் சிவக்க விடுங்கோ, மேலே சோஸ் விழப்போகிறது. இரண்டு லீற்றர் எண்ணெய்க்கு ஒரு தடவையில் 400 கிராமுக்கு மேல் போட்டால் சூடு விழுந்து கிழங்கு எண்ணெய் குடிக்கும்.

உப்பு மிகக் கொஞ்சம். சீஸிலும் சோஸிலும் போதியளவு இருக்கிறது.

மொன்றியலிலிருந்து

டொரோண்டோ அக்கா சொன்னது முழுக்கச் சரி. சோஸை நான் எழுதுகிறேன்.

கியூபெக் வீடுகளில் பெரும்பாலும் சென்-ஊபேர் என்ற கம்பனியின் டின் சோஸோ பொடியோதான் எடுப்பார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையால் செய்வதென்றால் மூன்று பேருக்கு இந்த அளவு:

வெண்ணெய் 40 கிராம். அதில் பொடியாக வெட்டின சின்ன வெங்காயம் இரண்டு, ஒரு பல் உள்ளி, வதங்கியதும் கோதுமை மா 25 கிராம். நடுத்தர நெருப்பில் கைவிடாமல் கிளறி, மா பொன்னிறம் தாண்டி மண்ணிறம் வரும்வரை, ஆறேழு நிமிடம். கோழிச் சாறு 350 மில்லி, மாட்டிறைச்சிச் சாறு 200 மில்லி, கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றி அடித்துக் கலக்க வேண்டும். தக்காளி கெச்சப் ஒரு தேக்கரண்டி, அப்பிள் வினிகர் ஒரு தேக்கரண்டி, கருமிளகு தாராளமாக அரைத் தேக்கரண்டி. பத்து நிமிடம் கொதித்ததும், ஒரு மேசைக்கரண்டி சோளமாவை இரண்டு மேசைக்கரண்டி குளிர்தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு கொதி விட்டு வடிகட்டவும்.

சோஸ் ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் இருக்கவேண்டும். கரண்டியின் முதுகில் ஒட்டும், விரலால் கோடு போட்டால் கோடு நிற்கும், ஆனால் ஊற்றினால் தடையில்லாமல் ஃப்ரைஸுக்குள் இறங்கும். கெட்டியான சோஸ் மேலேயே நின்றுவிடும், அடி ஃப்ரைஸ் வெறுமையாகிவிடும். நீர்த்தது கிண்ணத்தின் அடியில் குளமாகத் தேங்கும். மா மண்ணிறமாக வறுபட வறுபட அதன் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும், அதனால்தான் கடைசியில் சோளமா. வினிகரை விடாதீர்கள். அந்தத் துளிப் புளிப்பு இல்லாவிட்டால் நாலாவது வாயிலேயே திகட்டிவிடும்.

இனிச் சேர்க்கிற முறை. சீஸை ஒரு மணி நேரம் முன்னமே வெளியே எடுத்து வையுங்கோ. குளிர்ந்த சீஸ் தானும் இளகாது, சோஸின் சூட்டையும் குடித்துவிடும். கிண்ணத்தைச் சூடாக்குங்கோ. ஆளுக்குச் சீஸ் 100 முதல் 120 கிராம், சோஸ் 150 முதல் 180 மில்லி. பாதி ஃப்ரைஸ், பாதி சீஸ், மிச்ச ஃப்ரைஸ், மிச்ச சீஸ், கடைசியில் அடுப்பிலிருந்து இறக்கின கையோடு சோஸ். கொதி அடங்கின அந்த முதல் நிமிடம்தான் சரியான சூடு. சோஸ் ஊற்றின பிறகு ஓவனில் வைத்து உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கட்டி கட்டியாக இருக்கவேண்டிய சீஸ் போர்வையாகிவிடும்.

சென்னையிலிருந்து

அண்ணா, இங்க சீஸ் கேர்ட்ஸ் கடையில லேசுல கிடைக்காது. அதனால நிறையப் பேர் பனீர் போட்டு 'பூட்டின்' பண்றாங்க. பனீர் சூட்டுல உருகவே உருகாது, ஏன்னா அது எலுமிச்சை மாதிரி அமிலத்துல திரிச்சது, அதுல கல்சியம் போயிடுது. சத்தமும் வராது, இழையும் வராது. ஹலூமி சீஸ் சத்தம் போடும், ஆனா இளகாது. அவசரத்துக்கு, ஈரம் குறைஞ்ச மொசரெல்லா கட்டிய வாங்கி, துருவாம கையால பெரிய துண்டாப் பிச்சுப் போட்டா ஓரளவு ஒப்பேத்தலாம்.

வீட்டுலயே பண்ணணும்னா ஒரு அரை நாள் ஒதுக்கணும். டெட்ரா பாக் பால் வேண்டாம். அதிக சூட்டுல பதப்படுத்துனதால, ரென்னெட் (பாலை உறைய வைக்கிற என்சைம்) போட்டா சரியா உறையாது. பாஸ்டரைஸ் பண்ணின முழுக்கொழுப்புப் பசும்பால் 4 லிட்டர். 32 டிகிரிக்குச் சூடாக்கி, மீசோஃபிலிக் கல்ச்சர் (மிதமான சூட்டுல வளர்ற, பாலைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா) கால் ஸ்பூன் தூவி 45 நிமிஷம் மூடி வைக்கணும். கால்சியம் குளோரைடு கால் ஸ்பூன், அப்புறம் திரவ ரென்னெட் அரை ஸ்பூன், ரெண்டையும் தனித்தனியா கால் கப் தண்ணில கரைச்சு ஊத்தணும். தண்ணி குளோரின் இல்லாததா இருக்கணும், குளோரின் ரென்னெட்டைக் கெடுத்துடும். ஒரு நிமிஷம் கலக்கிட்டு, 45 நிமிஷம் அசைக்கவே கூடாது.

கத்தியச் சாய்ச்சு விட்டுத் தூக்கினா பிளவு சுத்தமா வந்து, அதுல தெளிஞ்ச நீர் ஊறணும். அப்ப ஒரு செ.மீ. கட்டமா வெட்டி, 5 நிமிஷம் விட்டு, மெதுவா கிளறிக்கிட்டே அரை மணில 39 டிகிரிக்குக் கொண்டு போகணும். இங்கதான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கறாங்க. சட்டுனு சூடேத்துனா கட்டிக்கு வெளிய தோல் கட்டி, உள்ள நீர் மாட்டிக்கும், சீஸ் புளிச்சு மாவாயிடும். அதே சூட்டுல இன்னொரு அரை மணி வச்சு, நீரை வடிச்சு, கட்டியெல்லாம் ஒரே பாளமா ஒட்டினதும் கதகதப்பான பாத்திரத்துல வச்சு, கால் மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும், ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி வரைக்கும். பிய்ச்சா வெந்த கோழிக்கறி நாராப் பிரியற பதம் வரும். அப்ப விரல் அளவுக்குக் கிழிச்சு, 400 கிராமுக்கு 8 கிராம் உப்பு. 4 லிட்டருக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் கிடைக்கும். அன்னிக்கே சாப்பிட்டுடணும்.

மொன்றியலிலிருந்து

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சைவக்காரர்கள் கவனிக்கவும். மேலே இறைச்சி இல்லை என்பதால் கிளாசிக் பூட்டின் சைவம் ஆகிவிடாது. கடையில் மூன்று கேள்வி கேட்கவேண்டும். சோஸ் எந்தச் சாற்றில் செய்தது? பொடி சோஸிலும் மாட்டு, கோழிக் கொழுப்பு இருக்கலாம். ஃப்ரைஸ் பொரிப்பது தாவர எண்ணெயிலா, மாட்டுக் கொழுப்பிலா? அதே எண்ணெயில் கோழியும் பொரிக்கிறார்களா? சீஸில் போட்ட ரென்னெட் கன்றுக்குட்டியிலிருந்து எடுத்ததா என்பது கடைப் பொடியனுக்குத் தெரியாது, சீஸ் பையில் ஒட்டின லேபிளைத்தான் பார்க்கவேண்டும். மரக்கறிச் சோஸ் வைத்திருக்கும் கடைகள் மொன்றியலில் இப்போது ஏராளம். லா பான்கீஸிலும் உண்டு. "சோஸ் வெஜே" என்று கேட்டால் போதும். ஹலால் பூட்டின் கடைகளும் தேடினால் கிடைக்கும்.

வீட்டில் சைவச் சோஸுக்குக் காய்ந்த ஷிட்டாக்கே காளான் 20 கிராமை அரை லீற்றர் சுடுதண்ணீரில் அரை மணி ஊறவைத்து அந்தத் தண்ணீரை எடுங்கோ. வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்குங்கோ, பாதி நிறமும் இனிப்பும் அங்கிருந்துதான். சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி. மிச்சமெல்லாம் மேலே சொன்னபடி, உப்பை மட்டும் கடைசியில் பார்த்துப் போடவும்.

டொரோண்டோவிலிருந்து

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே பிரெஞ்சு பேசும் அக்காடியர்களின் பூட்டின் றாப்பே என்று பட்டியலில் இருந்தால், அது துருவின கிழங்குக்குள் பன்றியிறைச்சி வைத்து அவித்த பெரிய உருண்டை. நல்ல சாப்பாடுதான், ஆனால் ஃப்ரைஸ் வருமென்று காத்திருக்கவேண்டாம்.

மிஞ்சிய பூட்டினை மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், ஃப்ரைஸ் இன்னும் குழையும். இரும்புச் சட்டியில் மெல்லியதாகப் பரப்பி, எண்ணெய் விடாமல், நடுத்தர நெருப்பில் அடி சிவக்கும்வரை வைத்து, ஒரே தடவை திருப்பி, மேலே ஒரு பொரித்த முட்டை வைத்தால் காலைச் சாப்பாடாகிவிடும்.