புதுப்பிப்பு: களியக்காவிளை வீட்டு வைஃபை – கேபிளே இழுத்தாச்சு

வெட்டுக்கல் (லேட்டரைட் எனும் சிவந்த கல்) சுவர் வீடு, ரவுட்டர் முன்கூடத்தில், பின்கட்டில் சிக்னல் ஒரே கோடு. ரிப்பீட்டரா கேபிளா என்று முன்பு கேட்டிருந்தேன். கேபிள்தான் போட்டோம். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால், வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

சுவரைத் துளைப்பதுதான் பெரும்பாடு. வெட்டி எடுக்கும்போது மெத்தென்று இருக்கும் இந்தக் கல், காற்றும் வெயிலும் பட்டு இறுகிவிடும். டிரில்லை நிறுத்தி, சிவந்த தூளைத் தட்டிவிட்டு, "மக்களே, இது கல்லா இரும்பா?" என்றார் ஒயரிங் அண்ணன். இந்தக் கல்லில் இரும்புச்சத்தும் உண்டுதானே!

கேட்-6 (நெட்வொர்க் கேபிள்) ஒயரைக் கரண்ட் பைப்புக்குள் விடாமல் தனியாகக் கொண்டுபோனோம். 100 மீட்டர் வரை தாங்கும்; வீட்டுக்கு அது தாராளம்.

பரணில் கிடந்த பழைய ரவுட்டரைப் பின்கட்டில் வைத்தேன். அதில் டிஎச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, முகவரியை 192.168.1.2 ஆக்கினேன் (முன்கூடத்து ரவுட்டர் 192.168.1.1). முன்கூடத்திலிருந்து வரும் ஒயரை அதில் செருகியது வான் (WAN, இணையம் நுழையும்) துளையில் அல்ல, லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையில். அப்புறம் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. சேனல் (அலைவரிசையின் உட்பிரிவு) மட்டும் வேறு: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 11. இடையில் 6 போடலாம். 3, 4 என்று வைத்தால் ஒன்றோடொன்று மோதும்.

5 கிகாஹெர்ட்ஸ் அந்தந்த அறைக்குள் பறக்கிறது, சுவர் தாண்டினால் படுத்துவிடுகிறது. சரி, அதற்குத்தானே இரண்டாவது ரவுட்டர்.

ஐப்பசி இடிமழைக்கு பிளக்கோடு கேபிளையும் பிடுங்கி வைக்க வேண்டும். செம்புக் கம்பியாச்சே.