கலைச்சொல்: டிரம்மின் ‘ஃபைபர்கிளாஸ் ஷெல்’ – கட்டையா, ஓடா, கூடா?

நண்பர்களுக்கு வணக்கம்.

1970-களில் வந்த, இன்று பலருக்குப் பெயர்கூடத் தெரியாத டிரம் செட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மரத்துக்குப் பதிலாகக் கண்ணாடியிழையை ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசினில்) நனைத்து, அச்சின்மேல் படியவைத்துச் செய்தவை. ‘ஷெல்’ என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். மிருதங்கத்திலும் தவிலிலும் தோலைத் தாங்கும் உடலைக் ‘கட்டை’ என்கிறோம். அதையே எடுத்துக் ‘கண்ணாடியிழைக் கட்டை’ என்று எழுதலாமா? கட்டை என்றாலே மரம்தானே என்று ஒரு தயக்கம். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்.

- - -

> கட்டை என்றாலே மரம்தானே என்று ஒரு தயக்கம்.

இந்தத் தயக்கம் வேண்டாம் ஐயா. டிரம்மில் இப்போது பூட்டுவது பாலியெஸ்டர் படலம். அதையும் ‘தோல்’ என்றுதான் சொல்கிறோம், யாரும் ஆட்டைத் தேடுவதில்லை.

எனக்குள்ள சிக்கல் வேறு. சுருதியையும் கட்டை என்கிறோமே. ‘ஐந்து கட்டை’ என்று எழுதினால் ஐந்து டிரம்மா, சுருதியா? இசைக் கட்டுரையில் இது தொல்லை. என் பரிந்துரை ‘ஓடு’. ஆமை ஓடு, முட்டை ஓடு எல்லாம் மெல்லியவை, கெட்டியானவை, உள்ளே வெற்றிடம் கொண்டவை. கண்ணாடியிழை ஓடு, சுருக்கமாக ‘இழையோடு’.

- - -

> சுருக்கமாக ‘இழையோடு’.

சேர்த்து எழுதியதும் மூன்றாம் வேற்றுமை வந்து உட்கார்ந்துவிடுகிறது. போதாததற்கு ‘சோகம் இழையோடும் குரல்’ என்ற வினை வேறு இருக்கிறது. ‘இழையோடு ஒலிக்கும் டிரம்’ என்று எழுதிப் பாருங்கள், வாசகர் எந்த இழையைப் பிடிப்பார்?

‘கூடு’ எடுத்துக்கொள்ளுங்கள். இழைக்கூடு. ஒற்று மிகுவதால் குழப்பமும் இல்லை. ‘உருளி’ என்று யாராவது சொல்ல வருவதற்குள் முந்திக்கொள்கிறேன்: எல்லா டிரம்மும் உருளையாக இருக்க வேண்டியதில்லை.

- - -

டிரம் வாசிப்பவன், பழைய செட்டுகளைப் பழுதுபார்ப்பவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். கூடு எனக்குச் சம்மதம். ஆனால் நீங்கள் எல்லோரும் ஒரே பொருளுக்குப் பெயர் தேடுகிறீர்கள். ஃபைபர்கிளாஸ் என்ற பெயரில் விற்கப்படுபவை இரண்டு. அவற்றைப் பிரித்துக் காட்டாத கலைச்சொல்லால் எனக்குப் பயனில்லை.

ஒன்று, மரமே இல்லாதது. அறுபதுகளின் நடுவில் பாப் கிராசோவும் ஜான் மொரேனாவும் நியூயார்க் பகுதியில் தொடங்கிய ஃபைப்ஸ் இதற்கு நல்ல உதாரணம். கிட்டாருக்குப் பேர்போன மார்ட்டின் நிறுவனம் 1970-இல் அதை வாங்கியது. கலிபோர்னியாவின் பிளேமையர், டாமாவின் ஃபைபர்ஸ்டார், ரோஜர் நார்த் வடிவமைத்த நார்த் டிரம்கள் எல்லாம் இதில் சேரும். நார்த் டிரம் கொம்பு போல் வளைந்து, முன்பக்கம் வாய் அகன்றிருக்கும். உருளி வேண்டாம் என்று முந்தைய மடலில் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மற்றது மரக்கூடு, உட்புறத்தில் மட்டும் கண்ணாடியிழை. பேர்ல் என்ற டிரம் நிறுவனம் எழுபதுகளில் இப்படி நிறையச் செய்தது. ரஷ் என்ற ராக் இசைக்குழுவின் டிரம்மர் நீல் பேர்ட் தன் மர டிரம்களின் உள்ளே ‘வைப்ராஃபைபிங்’ என்று மெல்லிய இழைப்பூச்சு போட்டுக்கொண்டார். அதனால் அவை ஃபைபர்கிளாஸ் டிரம் ஆகிவிடாது. ஆனால் விற்பவர்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் போடுகிறார்கள்.

ஒலியிலும் வேறுபாடு உண்டு. ரெசினில் இறுகிய கண்ணாடியிழை, டிரம் செய்யும் மேப்பிள் மரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி. கூடு மெல்லியதாக இருந்தாலும் விறைப்பாக நிற்கும். தோலின் அதிர்வைக் கூடு அதிகம் விழுங்காததால் அடி பளிச்சென்று வெளியே வரும், சத்தம் தூரம் போகும். மரத்தில் கிடைக்கும் இதமான மங்கல் குறைவு. சிலர் இதை ‘பிளாஸ்டிக் சத்தம்’ என்று ஒதுக்குகிறார்கள். அவர்களில் பலர் கேட்டது அலட்சியமாகச் சீவிய விளிம்பில் பழைய தோலைப் பூட்டிய டிரம்மாக இருக்கும் என்பது என் எண்ணம். தோலும் விளிம்பும் சுருதியும் செய்யும் வேலையில் பாதியைக்கூடக் கூட்டின் பொருள் செய்வதில்லை. விளிம்பைச் சமமாக்கித் தடித்த தோல் பூட்டினால் அதே டிரம் அடக்கமாகப் பேசும். ஈரக்காற்றில் மரம் உப்பும், வறண்டால் சுருங்கும். இதற்கு அந்தக் கவலை இல்லை.

மதிப்பு என்று வந்தால், எழுபதுகளில் கண்ணைப் பறித்தவை ஒளி ஊடுருவும் அக்ரிலிக் டிரம்கள். லுட்விக் நிறுவனத்தின் விஸ்டாலைட்டை லெட் செப்பெலின் குழுவின் டிரம்மர் ஜான் போன்ஹம் மேடையேற்றினார், அதன் புகழ் இன்றுவரை விலையைத் தாங்குகிறது. கண்ணாடியிழை டிரம்முக்கு அப்படி ஒரு முகம் வாய்க்கவில்லை. அதனால் நல்ல ஒலி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சேகரிப்பவருக்கு இது ஏமாற்றம், வாசிப்பவருக்கு லாபம். ஆனால் அரிதானது என்பதாலேயே விலை ஏறாது. சிறு கம்பெனிகள் தங்களுக்கென்று செய்த லக் (தோலை இறுக்கும் திருகைத் தாங்கும் உலோகப் பிடி), ஸ்ட்ரெய்னர் (ஸ்னேர் டிரம்மின் அடிக்கம்பிகளை இறுக்கும் பாகம்) தொலைந்துபோனால் மாற்று கிடைப்பது கஷ்டம். அசல் உலோகப் பாகங்கள் முழுதாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். லக் திருகுகளைச் சுற்றி மேற்பூச்சில் வரும் நூல்விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். உள்ளே இழை வரை பிளந்திருந்தால்தான் சங்கதி. அதையும் ரெசினும் கண்ணாடித் துணியும் வைத்து ஒட்டலாம். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

வாங்குமுன் ஒரு லக்கைக் கழற்றி, துளையின் ஓரத்தைப் பாருங்கள். உள்ளே சாயம் அடித்து மறைத்திருந்தாலும் துளையின் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். மர அடுக்கு தெரிந்தால் அது இரண்டாவது வகை.

ஆகவே என் வேண்டுகோள்: மரமில்லாததற்கு மட்டும் ‘இழைக்கூடு’. மற்றதற்கு ‘இழைப்பூச்சு மரக்கூடு’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் வாங்குபவர் ஏமாறமாட்டார்.

- - -

> மற்றதற்கு ‘இழைப்பூச்சு மரக்கூடு’.

பேர்ல் செய்தது பூச்சுதானா, அடுக்கா? பூச்சு என்றால் பெயின்ட் மாதிரி நினைத்துக்கொள்வார்கள். ‘உள்ளிழை மரக்கூடு’ என்றால் இழை எங்கே இருக்கிறது என்பதும் சொல்லில் வந்துவிடும், சொல்லும் குறுகும்.

- - -

உள்ளிழை மரக்கூடு நன்றாக இருக்கிறது, ஏற்கிறேன். பேர்லில் இருப்பது அடுக்கேதான்.

- - -

சரி, அப்படியானால் கட்டுரையில் இப்படியே போடுகிறேன்: ஷெல் – கூடு, முழுக்கக் கண்ணாடியிழை – இழைக்கூடு, மரத்தின் உள்ளே கண்ணாடியிழை – உள்ளிழை மரக்கூடு. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘கண்ணாடியிழைக் கூடு’ என்று முழுதாக எழுதிவிடுவேன், இல்லாவிட்டால் பட்டுப்பூச்சி ஞாபகம் வந்துவிடும்.

அப்புறம் ஒன்று. தோல் உட்காரும் அந்தச் சீவிய ஓரத்தை மேலே ஒருவர் வெறுமனே ‘விளிம்பு’ என்றார். தோலை இறுக்கும் உலோக வளையத்தையும் விளிம்பு என்று சிலர் எழுதுகிறார்கள். வளையத்துக்கு ‘வளையம்’ போதும், கூட்டின் ஓரத்துக்குத் ‘தாங்குவிளிம்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.