மீஞ்சூரில் பள்ளமான மனை: எவ்வளவு மண் அடிக்கலாம்?

மாத்தூர்வாசி:
மாத்தூர் எம்எம்டிஏவில் வாடகைக்கு இருக்கிறேன். மீஞ்சூர் பேரூராட்சிக்குள் ஒரு கிரவுண்டு மனை வாங்கியிருக்கிறேன், ரோட்டைவிட இரண்டடி பள்ளம். மணலியில் வீடு கட்டிய மச்சான், “மாநகராட்சியில்தான் கெடுபிடி, பேரூராட்சியில் யாரும் கேட்க மாட்டார்கள், ரோட்டுக்கு மேல் மூணு அடி ஏற்றிவிடு” என்கிறார். பக்கத்தில் பழைய ஓட்டு வீடு, ஒரு அம்மா தனியாக இருக்கிறார். தண்ணீர் நேராக அங்கேதான் இறங்கும். விதி நிஜமாகவே ஊருக்கு ஊர் மாறுமா?

சைட் இன்ஜினியர், திருவொற்றியூர்:
விதி மாறாது சார். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். மீஞ்சூர் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எல்லைக்குள்ளேயும் வருகிறது. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம். உங்கள் அளவு மனைக்கு 2024 முதல் சுயசான்றில், அதாவது விதிப்படி கட்டுவேன் என்று நீங்களே உறுதி கொடுத்தால், அனுமதி கிடைக்கிறது, அனுமதிக்கு முன் யாரும் வந்து பார்ப்பதில்லை. கெடுபிடி எங்கே, சொல்லுங்கள்!

பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தளத்தின் உயரம், சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ. இருக்கணும் என்கிறது தேசியக் கட்டடத் தொகுப்பு. அது குறைந்தபட்சம்தான். அதைச் சாக்காக வைத்து ஆளாளுக்கு ஏற்றுகிறார்கள்.

மாறுவது தண்ணீர் போகிற வழி. மணலி, மாதவரம் மண்டலங்களில் கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வடிகால் கட்டினார்கள். உங்கள் தெருவில் என்ன இருக்கிறது? மேஸ்திரியைக் கூப்பிட்டு டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து உயரம் ஒப்பிடுவது) பிடியுங்கள்: ரோடு நடு, கால்வாயின் அடி, அந்த அம்மா வீட்டு வாசற்படி. மூன்றையும் சுவரில் கோடு போட்டு வையுங்கள். கால்வாயின் அடி உங்கள் மனையைவிட மேலே இருந்தால், அது உங்களுக்கு வடிகால் இல்லை.

என் கருத்து: மனை முழுக்க ஏற்ற வேண்டாம், பேஸ்மட்டத்தை மட்டும் ஏற்றுங்கள். சுற்றி விடுகிற இடம் இப்போதைய மட்டத்திலேயே இருக்கட்டும். அந்த அம்மா பக்கத்துச் சுவரை ஒட்டி, உங்கள் எல்லைக்குள் ஒரு சின்ன வாய்க்கால் ஓடி உறை கிணற்றில் விழட்டும். கடல் தண்ணீர் நிலத்தடியில் ஏறிய ஊர் அது, இறக்குகிற மழைத்தண்ணீர் வீண்போகாது. அப்புறம், மலிவாக வருகிறது என்று அனல்மின் நிலையச் சாம்பலை மட்டும் கொட்டாதீர்கள். சவுடு மண் போட்டு அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடியுங்கள்.

வக்கீல் குமாஸ்தா:
1882 அனுபவ உரிமைச் சட்டம் 7-ஆவது பிரிவையும் பாருங்கள். மேட்டு நிலத்தில் இயற்கையாக ஓடிவரும் தண்ணீரைப் பள்ளத்து நிலத்துக்காரர் தடுக்கக் கூடாது என்கிறது. நீங்களாக மண் அடித்துத் திருப்பிவிடுகிற தண்ணீருக்கு அந்தச் சலுகை கேட்க முடியாது. அந்த அம்மா கோர்ட்டுக்குப் போனால் மச்சான் வரமாட்டார்.

மீஞ்சூர்க்காரி:
பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போடணும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். அப்படியும் எங்கள் தெருவில் மேலேயே போட்டுவிட்டுப் போனார்கள், ஒரு படி மண்ணுக்குள் போய்விட்டது. இன்னும் ஒரு தடவை ரோடு உயரும் என்று கணக்கு வைத்தே பேஸ்மட்டம் போடுங்கள் தம்பி.

மாத்தூர்வாசி:
சரி. ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியோடு போகிறேன். அந்த அம்மாவிடமும் முன்னாடியே பேசிவிடுகிறேன். வாய்க்காலுக்கு ஒன்பது அங்குல அகலம் போதுமா சார்?

சைட் இன்ஜினியர், திருவொற்றியூர்:
ஒரு அடி வையுங்கள். மண்வெட்டி உள்ளே போகணும், இல்லாவிட்டால் யாரும் தூர்வார மாட்டார்கள்.