லைன் வீட்டில் ஒருவருக்குக் காசநோய், கையில் சுகாதார நோட்டீஸ்: எல்லாரையும் காலி செய்யச் சொல்லலாமா?

லைன்வீட்டுக்காரன்:
கடலூர் முதுநகரில் அப்பா கட்டிய லைன் வீடு. ஆறு அறை, ஒவ்வொன்றும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. மேலே சிமென்ட் ஷீட், பின்பக்கம் ரெண்டு கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி. முன்பு துறைமுகத்தில் வேலை பார்த்த குடும்பங்கள் இருந்தன. இப்போது சிப்காட்டுக்கு ஆள் விடும் கான்ட்ராக்டர் ஒருவர் மொத்தமாக எடுத்து, வடக்கத்திப் பையன்களைத் தங்க வைத்திருக்கிறார். எனக்கு வாடகை அறைக்கு, தலைக்கு இல்லை.

போன வாரம் ஒரு பையனுக்குக் காசநோய் என்று தெரிந்தது. அதைத் தொடர்ந்து சுகாதார ஆய்வாளர் வந்தார். அறைக்கு எட்டுப் பேர், தொட்டியில் கொசுப்புழு என்று எழுதி நோட்டீஸ் கொடுத்துவிட்டார். எல்லாரையும் காலி செய்து பூட்டிவிடு என்கிறார் மாமா. அந்தப் பையனை மட்டும் அனுப்பினால் போதும் என்கிறாள் வீட்டுக்காரி. என்ன செய்யலாம்?

கெடிலக்கரை:
பூட்டிவிடுவதுதான் நல்லது அண்ணே. 2014இல் விடுதிகளுக்கென்று சட்டம் வந்துவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் ஆள் வைத்தால் வழக்கு போடுவார்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
கெடிலக்கரை தம்பி சொல்லும் 2014 சட்டம் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு. ஆண் தொழிலாளிகள் தங்கும் லைன் வீட்டுக்கு அது வராது. உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் 1939ஆம் வருடத்துப் பொது சுகாதாரச் சட்டப்படி இருக்கும். மாகாண காலத்தில் போட்டது, இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது. உடல்நலம் கெடும் அளவுக்கு ஆள் நெருங்கிய வீடு, கொசு வளரும் தொட்டி, நாறும் கக்கூஸ் எல்லாம் அதில் ‘தொல்லை’ கணக்கில் வரும். தொல்லையை நீக்கு என்றுதான் நோட்டீஸ் சொல்லும். ஆளை நீக்கு என்று நீங்களாகப் படித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்தப் பையன். அவனை அனுப்பவே அனுப்பாதீர்கள். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை. ஒழுங்காகத் தொடங்கினால் சில வாரங்களிலேயே பரப்புவது பெரும்பாலும் குறைந்துவிடும். துரத்தினால் ரயில் ஏறுவான், நடுவில் மாத்திரையை விடுவான், அப்புறம் மருந்துக்கு அடங்காத கிருமியோடு வேறொரு அறையில் போய்ப் படுப்பான். இப்போது கவனிக்க வேண்டியது அவனோடு ஒரே அறையில் படுத்த ஏழு பேரை. மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள், பரிசோதனை இலவசம். கூலி போகுமே என்று வரமாட்டார்கள். அந்த ஒரு நாள் கூலியைக் கான்ட்ராக்டர் கொடுக்கட்டும்.

அடுத்து ஆள் கணக்கு. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979 சட்டத்தின் மத்திய விதிகளில் தலைக்கு 6.5 சதுர மீட்டர், பத்துப் பேருக்கு ஒரு கக்கூஸ், ஒரு குளியலறை என்று இருந்தது. உங்கள் அறை 11 சதுர மீட்டர் சொச்சம். அந்தக் கணக்கில் ஒரு ஆள்தான்! ஒருவனை வைத்து யார் வாடகை கட்டுவது? எட்டு அதிகம், ஒன்று நடக்காது, நடுவில் ஓர் இடத்தில் நிற்கத்தான் வேண்டும்.

வெறுமனே தலையை எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் நல்ல சாட்சி. 1862இல் அங்கே சின்ன வீடுகளை எல்லாம் அளந்து, பெரியவருக்கு 300 கன அடி என்று கணக்கிட்டு, எத்தனை பேர் தூங்கலாம் என்று கதவில் தகரச் சீட்டு அடித்தார்கள். உங்கள் அறை ஒன்பதடி உயரம் என்றால் மூன்று பேர். நடுராத்திரியில் ஆய்வாளர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். ஜனங்கள் அலமாரிக்குள்ளும் கூரைமேலும் ஒளிந்துகொள்வார்கள். வாடகை குறையாமல் ஆள் எப்படிக் குறைவான்? பிரிட்டனில் 1851இல் வந்த பொதுத் தங்குவிடுதிச் சட்டம், ஏப்ரலிலும் அக்டோபரிலும் சுவருக்குச் சுண்ணாம்பு அடி, காய்ச்சல் வந்தால் தகவல் கொடு என்று விடுதிக்காரன் கழுத்தில் பொறுப்பைக் கட்டியது. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். (நாம் பொங்கலுக்கு மட்டும் அடிக்கிறோம், அதுவும் முன்பக்கச் சுவருக்கு.)

ஷிப்ட் முடிஞ்சது:
நானும் கான்ட்ராக்ட்தான், விருத்தாசலம் பக்கம். ஐயா சொல்வதில் ஒன்று விட்டுப்போனது. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் படுப்பதில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவன், பகல் ஷிப்டுக்குப் போனவனின் பாயிலேயே படுப்பான். எந்த நேரம் வந்து எண்ணினாலும் பாதிப் பேர்தான் கிடைப்பான். ஆனால் அறை ஒரு மணி நேரம்கூடக் காலியாகாது, பகலில் தூங்க வேண்டும் என்று கதவையும் சாத்தியே வைத்திருப்போம். இன்னொன்று: வீட்டுக்காரர் அறைக்குத்தான் வாங்குகிறார், கான்ட்ராக்டர் எங்களிடம் தலைக்குப் பிடிக்கிறார். எட்டாவது ஆள் யாருடைய லாபம் என்று பாருங்கள்.

லைன்வீட்டுக்காரன்:
தலைக்குப் பிடிக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. அவரிடம் பேசினேன், கட்டடம் உங்களுடையது, செலவும் உங்களுடையது என்கிறார்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்:
அப்படித்தான் சொல்வார். வெளிமாநில ஆளைக் கூட்டி வருகிறவன்தான் தங்க இடம் தர வேண்டும், அவன் தராவிட்டால் வேலை வாங்கும் நிறுவனம் தர வேண்டும் என்பது 1979 சட்டத்தின் ஏற்பாடு. இப்போது அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. இதைச் சொல்லித் தொழிலாளர் துறைக்கு மனு எழுதிக் கொடுங்கள், நகலை ஆலையின் பெர்சனல் ஆபீசுக்கும் அனுப்புங்கள்.

ஷிப்ட் தம்பி சொன்னதுபோல் கதவு சாத்தியே இருக்கும் என்றால், கதவை நம்பாமல் எதிர்ச்சுவரில் ஷீட்டுக்குக் கீழே உடைத்து, காற்றுப் போக ஜாலி (துளை போட்ட கல்) வைத்து விடுங்கள். கதவுக்கு மேலும் ஒன்று. காற்று குறுக்கே ஓட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டால் பிரயோஜனமில்லை. மூன்றாவது கக்கூஸ் கட்ட இடமிருந்தால் கட்டுங்கள். தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து, உள்சுவரை பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கிடக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது. ஐப்பசி மழைக்கு முன்னால் மூடியும் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் செய்து போட்டோ எடுத்து, நோட்டீசுக்குப் பதில் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் எண்ணிக்கையைக் கான்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்தில் அறைக்கு இவ்வளவு என்று எழுதி, தலைக்குப் பிடிக்கக் கூடாது என்றும் சேர்த்துவிடுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அட்வான்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையன்களிடமே நேராக வாடகை வாங்குங்கள்.