சுண்டிக்குளம் முதல் வங்காலை வரை: பல்கலைக்கழகம் எங்கள் ஊருக்கு வந்த நாட்கள்

கண்டாவளை ரீச்சர்

பாதுகாக்கப்பட்ட காடுகளிலும் களப்புகளிலும் பிள்ளைகளுக்குக் காலநிலை மாற்றம் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி வருகிறது. அந்த நிதி ஊருக்குள் வந்து இறங்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். முதலில் என் கதை.

நான் இலங்கையின் வடக்கே, கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளைப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 2023 தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழகக் குழு எங்கள் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சுண்டிக்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. பதினெட்டு மாதத் திட்டம். பஸ், மத்தியானச் சாப்பாடு, தொப்பி எல்லாம் அவர்கள் செலவு. 1938இலேயே பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவான இடம். பக்கத்தில் இருந்தும் எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அதற்கு முன் அங்கே கால் வைத்ததில்லை. போவதற்கு வழியும் இல்லை, கூட்டிப்போக ஆளும் இல்லை.

போவதற்கு முதல் நாள் பாடசாலை மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். உருகும் பனிப்பாறை, மெலிந்த பனிக்கரடி. பேசிய மாணவன் நன்றாகத்தான் பேசினான். கடைசி வாங்கில் இருந்த ஒரு பெடியன் கை உயர்த்தினான். "உலகம் சூடாகுது எண்டு சொல்றீங்கள். அப்ப எங்கட மாடுகள் ஏன் குளிரில செத்தது?"

மண்டபம் அமைதியாகிவிட்டது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேல் கால்நடைகள் செத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இவன் வீட்டில் ஏழு மாடு. பட்டியில் வரிசையாகக் கிடந்ததை நானே போய்ப் பார்த்தேன். ஒரு பசு முழங்காலை மடித்தபடி, எழும்ப முயன்ற நிலையிலேயே விறைத்துப்போய் இருந்தது.

பேசிய மாணவனுக்குப் பதில் வரவில்லை. பின்னால் நின்ற விரிவுரையாளர் வந்து படம் காட்டும் கருவியை நிறுத்திவிட்டு அந்தப் பெடியனுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். மாடுகள் எங்கே நின்றன, கூரை இருந்ததா, எத்தனை மணிக்கு மழை விட்டது என்று விபரமாகக் கேட்டார். அப்புறம்தான் சொன்னார்: ஒரு நாள் வானிலை வேறு, முப்பது வருடச் சராசரியாகப் பார்க்கும் காலநிலை வேறு. நாள்முழுக்க நனைந்து, விடாத காற்றில் நின்றால் வெயிலுக்குப் பழகிய மாடு உடற்சூட்டை இழந்துவிடும். அந்த ஒரு புயலைத் தூக்கிக் காலநிலை மாற்றத்தின் தலையில் போட அவசரப்படக் கூடாது என்றும் சொன்னார். ஆனால் காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கும், அதைப் பார்க்க நாளைக்குப் போவோம் என்றார்.

மறுநாள் களப்புக் கரையில் பூநாரைகள் தூரத்தில் ஒரு ரோசாக் கோடு மாதிரி நின்றன. பிள்ளைகளைப் பிடித்து வைத்தது அவையல்ல, வீச்சுவலையோடு நின்ற ஒரு பெரியவர். கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்கு வருவதையும், குளம் மிஞ்சினால் அந்த நீர் இந்தக் களப்புக்குத்தான் இறங்குவதையும் ஈர மணலில் விரலால் கீறிக் காட்டினார். 2018 டிசம்பரில் வான்கதவுகள் திறந்தபோது தண்ணீர் எந்த மரத்தின் எந்தக் கவட்டை வரை ஏறியது என்று தொட்டே காட்டினார். அதற்குப் பிறகு களப்பில் உவர் குறைந்து இறால் எப்படி மாறியது என்பதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது. விரிவுரையாளரே கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். போர்க்காலத்தில் வன்னியின் மழைப் பதிவுகள் இடையிடையே அறுந்து கிடக்கின்றன, அந்த இடைவெளியை நிரப்ப இப்படிப்பட்ட ஆட்கள்தான் இருக்கிறார்கள் என்றார்.

இப்படி இரண்டு தடவை நடந்தது. பிறகு திட்டம் முடிந்தது. பாடசாலைக்குத் தந்த மழைமானியின் புனல் வெயிலில் வெடித்தபோது போன் பண்ணினேன். நிதி முடிந்துவிட்டது ரீச்சர் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அவர்களில் எனக்குக் கோபம் இல்லை. பதினெட்டு மாதத்தில் காலநிலை படிப்பிக்கலாம் என்று நினைத்துப் பணத்தை அளந்தவர்கள் மேல்தான் மனவருத்தம்.

பம்பைமடுவில் படித்தவள்

ரீச்சர், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் விஞ்ஞானம் படித்தவள் நான். இன்னொரு நிறுவனத்தின் திட்டத்தில் உதவியாளராக வங்காலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். அதனால் பணம் எங்கே நிற்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தேன்.

வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டேயர், 2010இல் ராம்சார் (உலக முக்கியத்துவம் உள்ள) ஈரநிலமானது. இருபத்தைந்து பிள்ளைகளுக்கு எங்களிடம் இரண்டு தொலைநோக்கி. அதுவும் எங்கள் சொந்தக் காசில் வாங்கியவை. ஏனென்றால் அந்த நிதியில் "மூலதனப் பொருள்" வாங்க இடமில்லை. பதாகை அடிக்கலாம், கோவை வாங்கலாம், ரீசேட் அச்சடிக்கலாம், செயலமர்வுக்கு ஹோட்டல் மண்டபம் எடுக்கலாம். தொலைநோக்கி, வெப்பமானி, உவர்மானி எதுவும் வாங்க முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊசிவால் வாத்தைப் பார்க்கக் கிடைத்தது சில விநாடிகள். அந்த வாத்துகள் சைபீரியாப் பக்கத்திலிருந்து வருபவை என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பிள்ளை கை நீட்டிக்கொண்டு நின்றது.

அன்றைக்கு நல்லாகப் போன ஒன்று என்றால், ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை கரையில் ஒதுங்கிக் கிடந்த சாதாழையை, அதாவது கடற்புல்லை, ஒரு பிடி அள்ளி வந்து, "இதைத்தான் அக்கா ஆவுளியா தின்னுறது" என்றது. ஆவுளியா என்றால் கடற்பசு. அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தோம். இலையைத் தண்ணீரில் அலசிப் பார்த்தோம், வேரோடு ஒட்டியிருந்த கறுப்புச் சேற்றை மணந்து பார்த்தோம். அந்தச் சேற்றில்தான் காபன் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது, கடற்புல் அழிந்தால் அது திரும்பவும் வெளியேறும் என்று சொன்னபோது எல்லோருக்கும் புரிந்தது. என் நான்கு வருடப் படிப்பில் நான் நன்றாக விளங்கப்படுத்தியது அந்த ஒரு மணி நேரம்தான் என்று நினைக்கிறேன். திட்ட அறிக்கையில் அதற்குப் பத்தி இல்லை. "பங்குபற்றியோர் எண்ணிக்கை: 25" என்று மட்டும் நிரப்பினேன்.

பாரிஸ் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை காலநிலைக் கல்வியையும் பயிற்சியையும் பற்றியது. முன்மொழிவு எழுதும் எல்லோரும் முதல் பக்கத்தில் அதைப் போடுவோம். கடைசிப் பக்கத்தில் வரவுசெலவுப் பட்டியல் வரும்போது பஸ் கூலிக்கே பேரம் பேச வேண்டியிருக்கும்.

மடு வீதிப் பொடியன்

நான் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கட அப்பா தேன் எடுக்கிறவர். மீள்குடியேறி வந்தபோது எங்கள் பழைய தோட்டத்துக்குள் எல்லைக்கல் நட்டிருந்தது. அதனால் காட்டைப் பாதுகாப்போம் என்று யார் வந்து சொன்னாலும் எங்கள் ஊரில் முதலில் முகம் இறுகும். ஒரு பல்கலைக்கழகக் குழு வந்தபோதும் அப்படித்தான். அவர்களில் ஒரு பிள்ளை மட்டும், "ஐயா, உங்கட காணி எதுவரைக்கும் இருந்தது?" என்று கேட்டது. அப்பா எழும்பி நடந்து காட்டினார். அந்த நடையிலேயே காட்டையும் காட்டத் தொடங்கிவிட்டார்.

ஒரு பெரிய பாலை மரத்துக்குக் கீழே நிறுத்தினார். அடிமரத்தில் கரடி ஏறிய நகக்கீறல், பழையது கறுத்தும் புதியது சிவந்தும். வைகாசி, ஆனியில் பாலைப்பழத்துக்குத்தான் கரடி ஏறும். பழம் பிடிக்காத வருடம் கரடி பாதைப் பக்கம் இறங்கும், அந்த வருடம் தனியாகத் தேனுக்குப் போகக் கூடாது என்றார். எந்தெந்த வருடம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவருக்கு ஆண்டு எண் தெரியாது. "மூத்தவளின்ர சாமத்திய வீட்டு வருசம்", "முகாமில இருந்து வந்து ரெண்டாம் மாரி" என்று சொன்னார். பிள்ளைகள் அதையெல்லாம் ஆண்டாக மாற்றி, மழைக் கணக்கோடு வைத்துப் பார்ப்போம் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இப்போது காசு விஷயம். அப்பாவின் ஒரு நாள் உழைப்பு போனது. வளவாளர் கொடுப்பனவு கொடுக்கலாம் என்று பார்த்தார்கள். படிவத்தில் கல்வித் தகைமை கேட்டிருந்தது. அப்பா மூன்றாம் வகுப்பு. பிள்ளைகள் தங்களுக்குள் சேர்த்துக் கையில் வைத்தார்கள், அப்பா வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவருக்குக் காசு பெரிசில்லை. தன் பெயரை அந்தப் படிவம் ஏற்கவில்லை என்பது பெரிசு. பிறகும் இரண்டு மூன்று தரம் அதைப்பற்றிக் கேட்டார்.

புதுக்குடியிருப்பு, இப்போது அமெரிக்காவில்

தம்பி, உங்கள் அப்பாவுக்கு நடந்ததை வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் இங்கே மேற்படிப்பு. இங்கே தேசியப் பூங்காத் துறை போன்ற அரச அமைப்புகளையும் பல்கலைக்கழகங்களையும் இணைக்க 17 பிராந்திய அலகுகள் கொண்ட ஒரு வலையமைப்பு இருக்கிறது. அதன் வழியாகப் பணம் வந்தால் பல்கலைக்கழகம் நிர்வாகச் செலவென்று 17.5 வீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. வழமையான ஆய்வு நிதிகளில் இந்த வீதம் 50ஐத் தாண்டுவதும் உண்டு. மீதிப் பணம் பூங்காவில் தங்கி வேலை செய்யும் மாணவர்களுக்கும் களத்துக்கும் போய்ச்சேர வழி கூடுகிறது. அந்த ஒரு விதியை எங்கள் ஊரில் கொண்டுவந்தாலே பாதிப் பிரச்சினை குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இங்கேயும் சறுக்கல் உண்டு. மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் 2020க்குள் பனியாறுகள் மறைந்துவிடும் என்று பலகை வைத்திருந்தார்கள். சுருங்கினவே தவிர மறையவில்லை. 2020இல் பலகையை மாற்ற வேண்டி வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழு விஞ்ஞானமும் பொய் என்றவர்கள் பலர். சுண்டிக்குளத்திலோ மடுவிலோ பலகை வைக்க நிதி வந்தால் ஆருடம் எழுத வேண்டாம். பிள்ளைகள் அளந்த மழையை வருடாவருடம் எழுத இடம் விட்டு வையுங்கள்.

கண்டாவளை ரீச்சர்

பலகை யோசனை நல்லது. எங்களிடம் எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

புனல் வெடித்த பிறகு பிள்ளைகள் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலை வெட்டி, மேற்பாதியைக் கவிழ்த்துப் புனலாக்கி, பக்கத்தில் அடிமட்டத்தை ஒட்டி மழைமானி செய்தார்கள். அடியில் குழிவு இருப்பதால் கூழாங்கல் போட்டு, கல் மூடும்வரை நீர் விட்டு, அங்கிருந்து பூச்சியம். நாடு முழுவதும் மழை அளக்கும் அதே காலை 8.30 மணிக்கு, இரண்டாம் பாடத்தின் நடுவில் ஒருத்தி எழும்பிப் போய் வாசித்து வருவாள். பத்தாம் ஆண்டு போனால் அடுத்த பத்தாம் ஆண்டு பொறுப்பெடுக்கும். மாடு செத்த கேள்வி கேட்ட பெடியன்தான் முதல் வருடம் கொப்பியைப் பிடித்தவன்.

2024 கார்த்திகை மழையில் பாடசாலை மூடியிருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளை குடையோடு வந்து வாசித்திருக்கிறாள். போத்தல் நிரம்பி வழியப் பார்த்ததால் நடுவில் ஒருமுறை ஊற்றிவிட்டு, இரண்டு வாசிப்பையும் கூட்டி எழுதி, ஓரத்தில் "நிரம்பியது, ஊற்றினேன், பின்னேரம் 4.10" என்று குறித்திருக்கிறாள். நீலப் பேனை மழை பட்டுப் பரவியிருக்கிறது, இலக்கம் தெரிகிறது.

பம்பைமடுத் தங்கச்சி, கொப்பி நான்கு இருக்கிறது. ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன், உங்கள் பழைய விரிவுரையாளர்களிடம் காட்டுங்கள். மடு வீதித் தம்பி, அப்பாவிடம் கேளுங்கள்: பாலை பழம் பிடிக்காத வருடங்களை அவர் சொல்வது போலவே, சாமத்திய வீடு, மாரி என்றே எழுதித் தந்தால் போதும். கொப்பியின் அடுத்த பத்தியில் அதைப் போட்டு, சொன்னவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதுகிறோம்.